கையில் பேப்பரோடு ஒரு நாடகம்

நாடகம் இருக்கு, வாங்கன்னு கூப்பிடுறாங்க. போய் உட்காருறீங்க. மேடையில செட் எதுவும் இல்லை. ஆறு நாற்காலி, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு மியூசிக் ஸ்டாண்டு. (வயலின் வாசிக்கிறவங்க நோட்டு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கம்பி ஸ்டாண்டு நிக்குமே, அதான்.) ஆறு பேர் ஜீன்ஸும் சட்டையுமா வந்து உட்காருறாங்க. ஆளுக்கொரு ஃபைல். ஓரமா இன்னொருத்தர். அவர்தான் முதல்ல வாயைத் திறக்கிறார்: "இரவு. ஒரு சமையலறை. கதவு திறக்கிறது." எந்தக் கதவும் திறக்கலை. உட்கார்ந்திருந்தவங்கள்ல ஒரு பொண்ணு தலையை நிமிர்த்தி, "இன்னும் தூங்கலையா?"ன்னு படிக்குது.

அடுத்த ரெண்டு மணி நேரமும் இப்படியேதான். லைட்டிங் மாறாது. யாரும் யாரையும் அடிக்க மாட்டாங்க. "அவன் அவளை அறைகிறான்"னு ஓரத்துல இருக்கிறவர் படிப்பார், அவ்வளவுதான். முடியும்போது நீங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்திருக்கலாம். இல்லைன்னா நாற்பதாவது நிமிஷத்துலயே போனை எடுத்திருக்கலாம். இந்த ரெண்டுல எதைச் செஞ்சாலும் நீங்க ஒரு வேலை பார்த்திருக்கீங்க. ஏன்னா கடைசி வரிசையில ஒருத்தர் மேடையைப் பார்க்காம உங்களையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். நாடகத்தை எழுதினவர் அவர்தான்.

இதுக்குப் பேர் நாடக வாசிப்பு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலதுல இதையே விழா மாதிரி வருஷா வருஷம் நடத்துறாங்க. 'புது நாடக விழா'ன்னு பேர். இந்த விழா எதுக்கு, எப்படி நடக்குது, அதுல என்ன ஆபத்து இருக்குன்னு இந்தக் கட்டுரையில சொல்றேன். இன்ஜினியரிங் காலேஜ் இதழ்ல இது எதுக்குன்னு கேட்டா, பதில் கடைசியில இருக்கு. அதுல என் சொந்தத் தோல்வி ஒண்ணும் இருக்கு.

'தி வேல்' படம் பார்த்தவங்க கை தூக்குங்க. 2022-ல வந்தது. பிரெண்டன் ஃபிரேசர் உடம்பு ரொம்பப் பெருத்துப் போன இங்கிலீஷ் வாத்தியாரா, சோஃபாவை விட்டு எழுந்திருக்க முடியாம நடிச்சாரே, அந்தப் படம். அவருக்கு ஆஸ்கரும் கிடைச்சது. படம் முழுக்க ஒரே வீட்டுக்குள்ள நடக்கிறதைக் கவனிச்சிருப்பீங்க. அது முதல்ல ஒரு நாடகம். எழுதினவர் சாமுவேல் டி. ஹன்டர். நாடகம் முழுசா மேடை ஏறினது 2012-ல, டென்வர் நகரத்துல. அதுக்கு முந்தின வருஷம் அதே ஊர்ல நடந்த புது நாடக விழாவுல நடிகர்கள் கையில ஸ்கிரிப்டோட அதைப் படிச்சிருக்காங்க. இந்த ஹன்டர் நாடகம் எழுத முதுகலைப் பட்டம் படிச்ச இடம் அயோவா பல்கலைக்கழகம். 'நாடகம் எழுத பட்டமா'ன்னு நீங்க நினைக்கிறது கேட்குது. ஆமா. மூணு வருஷம்.

அயோவா சிட்டி தமிழ் வாசகர்களுக்குப் புதுசு இல்லை. அங்கே நடக்கிற சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு 1973-ல அசோகமித்திரன் போனார், ஏழு மாசம் இருந்தார். அந்த அனுபவம்தான் 'ஒற்றன்!' நாவல். நம்ம லைப்ரரியில இருந்தா எடுத்துப் படிங்க. குளிரும் பஸ்ஸும் சாப்பாடும், ஒரே கட்டடத்துல தங்கியிருந்த பல நாட்டு எழுத்தாளர்களும்னு ரொம்ப நல்லா இருக்கும். சுத்தியும் சோளக்காடு, நடுவுல ஒரு ஆறு, ஆத்தங்கரையில பல்கலைக்கழகம். 2008-ல அந்த ஆத்துல வெள்ளம் வந்து கலைத்துறைக் கட்டடங்களை நாசமாக்கினது. அதே வருஷம்தான் யுனெஸ்கோ அந்த ஊரை 'இலக்கிய நகரம்'னு அறிவிச்சது.

இவ்வளவு சின்ன ஊருக்கு எப்படி அந்தப் பேர் வந்தது? எனக்குப் பிடிச்ச காரணம் 1922-ல நடந்த ஒரு விஷயம். அந்த வருஷம் அயோவா பல்கலைக்கழகம் ஒரு முடிவு எடுத்தது: மேல்பட்டத்துக்கு ஆராய்ச்சி தீசிஸ்தான் கொடுக்கணும்னு இல்லை, கவிதைத் தொகுப்பு, நாவல், நாடகம், ஓவியம், இசை எதுவா இருந்தாலும் அதையே தீசிஸா ஏத்துக்கிறோம். ஃபைனல் இயர் பிராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு மார்ஜின் ஒன்றரை இன்ச்சா ஒன்றே கால் இன்ச்சான்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்கிற நமக்கு இதைக் கேட்டா மூச்சே நின்னுடும்.

ஆனா நாடகத்தைத் தீசிஸா ஏத்துக்கிட்டதும் ஒரு சிக்கல் வந்தது. கவிதையைப் பேப்பர்லயே படிச்சு மார்க் போடலாம். நாடகத்தை? பேப்பர்ல இருக்கிறது நாடகமே இல்லை, நாடகத்துக்கான வரைபடம். பிளான் பிரமாதமா இருக்கும், கட்டினா படிக்கட்டு சுவர்ல போய் முட்டும். அதனால எழுதினதை மனுஷங்க வாயில ஏத்தி, மனுஷங்க காதுல விழவெச்சுப் பார்க்காம மதிப்பிடவே முடியாது.

அயோவாவுல வருஷா வருஷம் மே மாச வாக்குல, செமஸ்டர் முடியுற நேரத்துல, ஒரு வாரம் புது நாடக விழா நடக்குது. நாடகம் எழுதுற மாணவர்களோட புது நாடகங்கள்ல சிலதை முழுசா மேடை ஏத்துறாங்க, சிலதை வாசிப்பா நடத்துறாங்க. நடிக்கிறது, இயக்குறது, லைட் போடுறது எல்லாம் பெரும்பாலும் மாணவர்களே. தொழில்முறை நாடகக்காரங்க சிலரை விருந்தினரா வரவழைச்சு, ஒவ்வொரு நாடகத்தைப் பத்தியும் பேசச் சொல்றாங்க. யேல் பல்கலைக்கழகத்துல 'கார்லோட்டா' விழான்னு ஒண்ணு இருக்கு. நாடகாசிரியர் யூஜின் ஓ'நீலோட மனைவி பேர் அது. அங்கே முழுத் தயாரிப்பு. ஊருக்கு ஊர் வடிவம் மாறும். நான் இங்கே பேச வந்தது வாசிப்பைப் பத்திதான்.

வாசிப்பை நமக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன். ஒரு சர்க்யூட்டை யோசிச்சதும் நேரா பிசிபி அடிக்கக் கொடுப்போமா? முதல்ல பிரெட்போர்டுல ஒயரைச் சொருகிப் பார்ப்போம். பார்க்கக் கேவலமா இருக்கும், ஆனா எல்.இ.டி. எரியுதா இல்லையான்னு தெரிஞ்சிடும். வாசிப்பு நாடகத்தோட பிரெட்போர்டு. செட்டு, டிரெஸ், லைட்டு, ஆறு வார ரிஹர்சல்னு செலவு பண்றதுக்கு முன்னாடி, கதை எரியுதான்னு பார்க்கிறது.

இந்த உவமை ஒரு இடத்துல இடிக்கும். பிரெட்போர்டுல எரிஞ்ச எல்.இ.டி. போர்டுலயும் எரியும்னு ஓரளவு நம்பலாம். நாடகத்துல அப்படி இல்லை. வாசிப்புல சூப்பரா இருக்கிற நாடகம் மேடையில படுத்துடலாம், வாசிப்புல புரியாத நாடகம் மேடையில உயிரோட நிக்கலாம். ஏன்னா வாசிப்புல சோதிக்கப்படுறது பேச்சு மட்டும்தான். நகைச்சுவை டயலாக் நிறைஞ்ச நாடகத்துக்கு வாசிப்பு அல்வா மாதிரி. ஆனா ஒரு காட்சியில அப்பா பத்து நிமிஷம் பேசாம சைக்கிள் செயினை மாட்டிக்கிட்டே இருக்கார், அந்த மௌனம்தான் காட்சின்னு வெச்சுக்கோங்க. வாசிப்புல அது "அப்பா சைக்கிள் செயினை மாட்டுகிறார்"ங்கிற ஒரே வரி. நாலு செகண்டு. முடிஞ்சது. கூத்துல அடவும் மத்தளமும் சேர்ந்து சொல்றதை நாற்காலியில உட்கார்ந்து எப்படிப் படிச்சுக் காட்டுவீங்க? அதனால வாசிப்பு விழாக்கள் அதிகமாக அதிகமாக, நாடகாசிரியர்கள் தெரிஞ்சோ தெரியாமலோ வாசிப்புக்கு ஏத்த மாதிரியே எழுத ஆரம்பிச்சுடுவாங்கன்னு ஒரு குறை சொல்றாங்க. நியாயமான குறைன்னுதான் எனக்குத் தோணுது. எக்ஸாமுக்கு ஏத்த மாதிரி படிச்சுப் படிச்சே நாம என்ன ஆனோம்னு நமக்குத் தெரியாதா?

சரி, எப்படி நடத்துறாங்க?

வாசிப்புலயே பல படி உண்டு. முதல் படி, மேஜையைச் சுத்தி உட்கார்ந்து படிக்கிறது. ஆடியன்ஸ் கிடையாது. நடிகர்கள் ஸ்கிரிப்டை முன்னாடியே பார்த்திருக்கணும்னுகூட அவசியம் இல்லை. அடுத்தது நான் ஆரம்பத்துல சொன்ன மியூசிக் ஸ்டாண்டு வாசிப்பு: சில மணி நேரம் ஒத்திகை, பிறகு ஆடியன்ஸ் முன்னாடி. அதுக்கும் மேல, கையில ஸ்கிரிப்டோடயே எழுந்து நடமாடுறது, கதவுப் பக்கம் போறது, ஒரு கட்டைப் பெட்டியைக் கட்டிலா நினைச்சு உட்காருறது. இதை மேடை வாசிப்புன்னு சொல்லலாம். அமெரிக்காவுல நடிகர் சங்கமான ஈக்விட்டிக்கு இதுல ஒரு கணக்கு இருக்கு: தொழில்முறை நடிகர்களை வெச்சு இந்த மாதிரி வாசிப்பு பண்ணினா ஒத்திகை, வாசிப்பு எல்லாம் சேர்த்து 29 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், அதுவும் ரெண்டு வாரத்துக்குள்ள. அதனால தொழில்ல அதுக்குப் பேரே '29 மணி நேர வாசிப்பு'. பல்கலைக்கழகத்துல மாணவர்கள் படிக்கும்போது அந்த விதி இல்லை. ஆனாலும் ஒத்திகையைக் குறைச்சலா வெச்சுக்கிறதுதான் நல்லது. ஏன்னா நல்ல நடிகருக்கு நேரம் கொடுத்தா, மோசமான டயலாக்கைக்கூட எப்படியாவது நல்லதாக்கிடுவார். அப்புறம் டயலாக்ல கோளாறு இருந்ததே உங்களுக்குத் தெரியாமப் போயிடும்.

ஓரத்துல உட்கார்ந்து மேடைக் குறிப்பு படிக்கிறவரைப் பத்தி யாரும் பேசறதில்லை. எனக்கு அவர்தான் ஹீரோ. அவர் எல்லாக் குறிப்பையும் படிக்கக் கூடாது. "கோபமாக", "சிரித்தபடி" மாதிரி குறிப்பை நடிகர் குரல்லயே காட்டிடுவார். அதைப் படிச்சா காட்சிக்கு நடுவுல ஸ்பீட் பிரேக்கர் போட்ட மாதிரி. கேட்கிறவனுக்குத் தெரியாம முடியாதுங்கிறதை மட்டும் படிக்கணும்: யார் வந்தாங்க, யார் போனாங்க, கத்தி எங்கே இருக்கு. அதனால வாசிப்புக்கு முன்னாடி எழுதினவரும் இயக்குநரும் உட்கார்ந்து குறிப்புகளை அடிக்கிறாங்க. அப்படி அடிக்கும்போதே எழுதினவருக்கு ஒண்ணு உறைக்கும்: தான் டயலாக்ல கொண்டு வராத உணர்ச்சியை எல்லாம் அடைப்புக்குறிக்குள்ள எழுதி ஏமாத்தியிருக்கோம்னு.

வாசிப்பு நடக்கும்போது எழுதினவர் என்ன பண்ணுவார்? சும்மா உட்காருறது இல்லை. ஸ்கிரிப்ட் ஒரு காப்பி கையில இருக்கும், ஆனா அதுல மூக்கை நுழைச்சிருந்தா வந்ததே வீண். கூட்டத்தைப் பார்க்கணும். எந்தப் பக்கத்துல இருமல் வந்தது? எங்க எல்லாரும் ஒரே நேரத்துல அசைஞ்சு உட்கார்ந்தாங்க? எந்த ஜோக்குக்கு மூணு பேர் மட்டும் சிரிச்சாங்க, அந்த மூணு பேரும் உங்க ஃபிரெண்ட்ஸா? ஒரு நடிகர் ஒரே வரியில ரெண்டு தடவை தடுக்கினா அது நடிகர் தப்பு இல்லை, வாக்கியத்துல கல் இருக்கு. இதெல்லாம் வாசிப்புக்கு அப்புறம் யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. கேட்டா, "நல்லா இருந்துச்சு மச்சி"ன்னுதான் சொல்லுவாங்க. அப்போ உடம்பு சொல்றதைத்தான் நம்பணும்.

வாசிப்பு முடிஞ்சதும் கலந்துரையாடல். இங்கதான் நிறைய நாடகம் செத்துப் போகுது.

யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் ஒரு வருஷமா எழுதினதை இப்பதான் முதல் தடவை காதால கேட்டு உட்கார்ந்திருக்கார். தோல் உரிஞ்ச மாதிரி இருப்பார். மைக்கை வாங்கின ஒருத்தர், "நானா இருந்தா அம்மாவை முதல் காட்சியிலயே சாகடிச்சிருப்பேன்"னு ஆரம்பிக்கிறார். அடுத்தவர், "எனக்கு ஒரு ஈரானியப் படம் ஞாபகம் வந்தது"ன்னு பத்து நிமிஷம். அப்புறம் "மெசேஜ் என்ன?" இருபது பேர் இருபது நாடகத்தைச் சொல்லுவாங்க, எழுதினவர் வீட்டுக்குப் போய் இருபதையும் சேர்த்து எழுதி, யாருக்கும் பிடிக்காத இருபத்தொண்ணாவதை உருவாக்குவார்.

இதுக்கு ஒரு முறை கண்டுபிடிச்சவர் நாடகக்காரர் இல்லை, நடன அமைப்பாளர். லிஸ் லெர்மன். 1990 வாக்குல அவங்க உருவாக்கின முறையில நாலு படி. முதல்ல, பார்த்தவங்க தங்களுக்கு எது பட்டது, எது மனசுல நின்னது, எது சுருக்குன்னு இருந்ததுன்னு மட்டும் சொல்லணும். ரெண்டாவது, படைச்சவர் கேள்வி கேட்பார்: "தம்பி பொய் சொல்றான்னு எந்த இடத்துல தெரிஞ்சது?" மூணாவது, பார்த்தவங்க கேள்வி கேட்கலாம், ஆனா கேள்விக்குள்ள கருத்தை ஒளிச்சு வைக்கக் கூடாது. "ஏன் இவ்வளவு நீளம்?"ங்கிறது கேள்வி இல்லை, குத்து. "இரண்டாம் காட்சியில நீங்க என்ன நடக்கணும்னு நினைச்சீங்க?"ங்கிறதுதான் கேள்வி. நாலாவதுதான் கருத்து. அதுவும், "முடிவைப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு, கேட்க விருப்பமா?"ன்னு அனுமதி வாங்கிட்டு. படைச்சவர் "வேண்டாம்"னு சொல்லலாம். முதல்ல படிச்சப்போ இது ரொம்ப மரியாதை ஓவரா இருக்கேன்னு நினைச்சேன். நம்ம ரிவ்யூ கமிட்டி முன்னாடி நின்ன ஞாபகம் வந்ததும் மனசு மாறிடுச்சு.

மரியாதை இல்லாத வாசிப்பு என்ன பண்ணும்னு அயோவாவுலயே ஒரு பழைய கதை இருக்கு. 1937-ல தாமஸ் லேனியர் வில்லியம்ஸ்னு ஒரு மாணவர் அங்கே சேர்ந்தார். வயசு இருபத்தாறு. அதுக்கு முன்னாடி அவரோட அப்பா காலேஜை விட்டு நிறுத்தி ஒரு ஷூ கம்பெனியில வேலைக்குச் சேர்த்து விட்டிருந்தார், உடம்பு கெட்டு அதுல இருந்து வெளியே வந்தவர். அயோவாவுல நாடகத்துறையை நடத்தினவர் ஈ. சி. மேபி. அங்கே இருக்கிற நாடக அரங்குக்கு இன்னைக்கும் அவர் பேர்தான். 1938-ல அவர் வகுப்புல வில்லியம்ஸ் தான் எழுதின 'ஸ்பிரிங் ஸ்டார்ம்' நாடகத்தைப் படிச்சுக் காட்டினார். படிச்சு முடிச்சதும் வகுப்புல சங்கடமான அமைதி. வாத்தியார் ஒரே வாக்கியத்துல, எல்லாரும் இளவயசுல இப்படி ஒண்ணு கிறுக்குறதுதாங்கிற தோரணையில, அதை ஒதுக்கிட்டார். வில்லியம்ஸ் நொறுங்கிப் போனார். அந்த நாடகம் புத்தகமா அச்சானது 1999-ல. அவர் இறந்து பதினாறு வருஷம் கழிச்சு.

அந்தப் பையன் பிறகு பேரை மாத்திக்கிட்டார். டென்னசி வில்லியம்ஸ். 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' எழுதினவர். அதனால கதை சுபம்னு சொல்லிடலாம். எனக்கு அப்படித் தோணலை. அந்த வகுப்புல அவருக்குப் பக்கத்துல உட்கார்ந்து இதே மாதிரி ஒரு வாக்கியம் வாங்கினவங்க வேற யாராவது இருந்திருப்பாங்க இல்லையா, அவங்க பேர் நமக்குத் தெரியாது.

நல்லா நடந்த வாசிப்புக்கு உதாரணம் ஆகஸ்ட் வில்சன். ஒரு தொண்டு நிறுவனத்துல சமையல் வேலை பார்த்துக்கிட்டே நாடகம் எழுதினவர். கனெக்டிகட்ல கடலோரமா 1964-ல தொடங்கின ஓ'நீல் நாடக மையம்னு ஒண்ணு இருக்கு. கோடையில அங்கே புது நாடகங்களை வாசிப்பாங்க. வில்சன் அதுக்குத் திரும்பத் திரும்ப நாடகம் அனுப்பினார், திரும்பத் திரும்ப நிராகரிச்சாங்க. 1982-ல ஒண்ணு தேர்வாச்சு. அடுத்த வருஷம் அவர் கொண்டுவந்ததுதான் 'ஃபென்சஸ்'. முதல் வாசிப்பு நாலு மணி நேரத்துக்கு மேல ஓடினதாம். நாலு மணி நேரம்! அங்கே வழக்கம் என்னன்னா ஒவ்வொரு நாடகத்தையும் ரெண்டு தடவை வாசிப்பாங்க, நடுவுல எழுதினவர் திருத்தலாம். முதல் வாசிப்புல தெரிஞ்சதை வெச்சு ராத்திரியே வெட்டி ஒட்டி, அடுத்த வாசிப்புக்கு நடிகர்கள் கையில புதுப் பக்கம் போகும். அந்த மையத்தோட கோடை நாடக வாசிப்புகளை அப்போ நடத்தின லாயிட் ரிச்சர்ட்ஸ்தான் யேல் நாடகப் பள்ளிக்கும் தலைவர். அதனால வாசிப்பு வாசிப்போட நிக்கலை. 1985-ல யேல்ல மேடை, 1987-ல பிராட்வே, அதே வருஷம் புலிட்சர். 2016-ல டென்சல் வாஷிங்டன் படமா எடுத்தார்.

"வாசிப்பு வாசிப்போட நிக்கலை"ன்னு சொன்னேன் இல்லையா, அந்த இடத்தை விட்டுடாதீங்க. வாசிப்பு முறை மேல இருக்கிற பெரிய புகாரே அதுதான். வாசிப்பு மலிவு. முழுத் தயாரிப்பு செலவு. அதனால ஒரு நாடக நிறுவனம் வருஷத்துக்குப் பத்து வாசிப்பு வெச்சு "நாங்க புது எழுத்தாளர்களை ஆதரிக்கிறோம்"னு போஸ்டர் அடிச்சுட்டு, மேடையில மட்டும் பழைய ஷேக்ஸ்பியரையே போட்டுக்கிட்டு இருக்கலாம். நாடகம் ஊர் ஊரா வாசிக்கப்படும், ஒவ்வொரு ஊர்லயும் ஆளுக்கொரு திருத்தம் சொல்லுவாங்க, எங்கேயும் அரங்கேறாது. பொண்ணு பார்க்க வந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்"னு கிளம்புற கதை. அயோவா மாதிரி இடத்துல வாசிப்பும் முழு மேடையும் ஒரே வாரத்துல, ஒரே கூரைக்குக் கீழ நடக்கிறதுல எனக்குப் பிடிச்சது இதுதான். போன வருஷம் வாசிப்புல மாட்டிக்கிட்டு முழிச்சவர் இந்த வருஷம் மேடையில நிக்கிறதை ஜூனியர் நேர்லயே பார்க்கலாம்.

'அரங்கேறாது'ன்னு மேல எழுதினப்போ ஒண்ணு ஞாபகம் வந்தது. இன்னைக்கு அரங்கேற்றம்னா பரதநாட்டியம், மண்டபம், மேக்கப், போட்டோகிராபர். பழைய அர்த்தம் வேற. எழுதின நூலைப் புலவர் சபையில படிச்சு, அவங்க கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி ஒப்புதல் வாங்குறதுதான் அரங்கேற்றம். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில, அதங்கோட்டாசான் கேட்க, பிழையறத் தெளிவுபடுத்தி அரங்கேறினதுன்னுதான் தொல்காப்பியத்தோட பாயிரம் சொல்லுது. அந்தச் சபையில யாரும் அனுமதி கேட்டுக் கருத்து சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தோணலை. ஆனா எழுதினதை முதல்ல காதுகளுக்கு முன்னாடி வைக்கணும்ங்கிற யோசனை நமக்கு யாரும் இறக்குமதி பண்ணித் தர வேண்டியது இல்லை.

சரி, என் தோல்விக்கு வர்றேன்.

செகண்ட் இயர்ல இன்டர்காலேஜ் போட்டிக்கு நானும் என் ரூம்மேட்டும் ஒரு நாடகம் எழுதினோம். மெஸ்ல வேலை பார்க்கிற ஒரு அண்ணனும் அவரோட பையனும்தான் கதை. பையனுக்கு அதே காலேஜ்ல சீட் கிடைக்குது. அப்பா தட்டு கழுவுற இடத்துல பையன் சாப்பிட வரணும். இன்னைக்கும் அது நல்ல கதைன்னுதான் நினைக்கிறேன். ராத்திரி ராத்திரியா எழுதினோம். பன்னிரண்டு நாள் ரிஹர்சல். ரிஹர்சல்னா, லேப் முடிச்சு வந்தவங்களை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு காட்சியாத் தனித்தனியா. முழு நாடகத்தையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சுல நாங்க கேட்டது போட்டி அன்னைக்கு, மேடையில, ஜட்ஜ் முன்னாடிதான்.

மூணாவது காட்சி செத்துப் போச்சு. அப்பா ரெண்டு பக்கத்துக்கு ஒரு நீள வசனம் பேசுவார். பேப்பர்ல எங்களுக்கே அழுகை வந்த வசனம். ஹால்ல பின்னாடி வரிசையில ஒருத்தன் விசிலடிச்சான், அப்புறம் எல்லாரும் கைதட்டி 'போதும் இறங்கு'ங்கிற தாளத்துல தட்ட ஆரம்பிச்சாங்க. அப்பாவா நடிச்ச ஜூனியர் நடுங்கிக்கிட்டே வசனத்தை முடிச்சான்.

என்ன கோளாறுன்னு அப்புறம் புரிஞ்சது. நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல எழுதணும்னாலே என் கை தானா மேடைத் தமிழுக்குப் போயிடும். "உன் எதிர்காலத்தை நினைத்துத்தான் நான் இத்தனை ஆண்டுகள் இங்கே உழைத்தேன்"னு மெஸ் அண்ணன் பேசுறார்! கண்ணால படிக்கும்போது இது உறுத்தவே இல்லை, ஏன்னா தமிழ்ல கண்ணுக்கு ஒரு பாஷை, காதுக்கு ஒரு பாஷை. நாம புத்தகத்துல படிக்கிற தமிழை யாரும் வீட்டுல பேசறது இல்லை. அதனால தமிழ்ல நாடகம் எழுதுறவனுக்கு வாய்விட்டுப் படிச்சுப் பார்க்கிறது கூடுதலா அவசியம்னு நினைக்கிறேன். இன்னொண்ணும் இருக்கு. அம்மாவா நடிச்ச பொண்ணு தென்காசிப் பக்கம். ரொம்ப நாள் கழிச்சு, பஸ்ஸுல பேசிக்கிட்டு வரும்போது சொன்னாங்க: "அந்த வசனம் வாயில நிக்காதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும். நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு ஆசையா இருந்தீங்க, எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்." அவங்க சொல்றதுக்கு நாங்க ஒரு இடமே ஒதுக்கலை. ஒரு சாயங்காலம் வட்டமா உட்கார்ந்து படிச்சிருந்தா போதும்.

போட்டியில தோத்ததெல்லாம் பெரிய விஷயம் இல்லை. ரூம்மேட் அதுக்கப்புறம் எழுதறதையே நிறுத்திட்டான். எங்க ரெண்டு பேர்ல நல்லா எழுதுறவன் அவன்தான். இப்போ பிளேஸ்மென்ட் ஆகி, ஜூலையில சேரணும். அவன் லேப்டாப்ல பாதி எழுதின இன்னொரு நாடகம் கிடக்கிறது எனக்குத் தெரியும்.

அதனால இந்த செமஸ்டர்ல ஒரு வாசிப்பு வைக்கலாம்னு இருக்கோம். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், பர்மிஷன் லெட்டர் வேண்டாம். இருபது நாற்காலி போடுற அளவுக்கு ஒரு கிளாஸ்ரூம், அஞ்சு மணிக்கு மேல. உங்ககிட்ட ஒரு நாடகம் இருந்தா, பாதியா இருந்தாலும் கொண்டு வாங்க. அரை மணி நேரத்துக்குள்ள இருக்கணும். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம்னு தோராயமாக் கணக்கு வெச்சுக்கோங்க, தமிழ்ல கொஞ்சம் கூடவே ஆகும். எழுத்து பெருசா பிரின்ட் எடுங்க, ஒரு பக்கம் மட்டும், பக்க எண் கண்டிப்பாப் போடுங்க. போன்ல இருந்து படிக்க வேண்டாம். நடுவுல அம்மா போன் பண்ணுவாங்க. உங்க கேரக்டரை நீங்களே படிக்காதீங்க, உங்க ஆசையைக் குரல்ல கலந்து எங்களை ஏமாத்திடுவீங்க. வேற ஊர்க்காரங்களைப் படிக்க வைங்க. வாயில நிக்காத வார்த்தையை அவங்களே மாத்திப் படிச்சா தடுக்காதீங்க, எதை மாத்தினாங்கன்னு குறிச்சுக்கோங்க.

எழுதாதவங்களும் வரணும். கேட்க ஆள் இல்லைன்னா வாசிப்பே இல்லை. வந்தா முதல்ல எது மனசுல நின்னதுன்னு சொல்லுங்க. அம்மாவை முதல் காட்சியிலயே சாகடிக்கிற யோசனையை, எழுதினவர் கேட்டா மட்டும் சொல்லுங்க. மேடைக் குறிப்பு படிக்க நிதானமான குரல் உள்ள ஒருத்தர் தேவைப்படுது. எங்க ஃப்ளோர்ல எல்லாருமே அவசரமாப் பேசுறவங்க.